இரண்டில் ஒன்றை மூடுவது பற்றி

மின்னஞ்சல், வெள்ளிக்கிழமை

அன்புள்ள உனக்கு,

இங்கே நானும் நம் மகள் வாலுவும் உன் தங்கையும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் மின்னஞ்சலில் தேடிப் பார்த்தேன். மேலே ஓர் அட்டவணை, கீழே 'சீக்கிரம் பதில் போடு' என்று ஒரு வரி. நடுவில் ஆளைக் காணோம்.

அட்டவணைக்குத்தானே பதில் கேட்டிருக்கிறாய், அதிலிருந்தே தொடங்குகிறேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். கணக்கைப் போடுமுன் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை எழுதிப் பார்ப்பேன். கேள்வி இதுதானே? நீயும் நானும் ஆளுக்கொரு திறமூல மென்பொருளை, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்ததை, வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம். உன்னுடையது 'கம்பிக்காடு'. திரையில் மாட்யூல் என்கிற ஓசைப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பி இழுத்து ஓசை உண்டாக்குகிற சிந்தசைசர். என்னுடையது 'முடிச்சு'. இன்னின்னது கூடாது, இன்னின்னது வேண்டும் என்று நிபந்தனைகளைச் சொன்னால், அத்தனையையும் மீறாத ஒரு விடையைத் தேடித் தருகிற நிரல். வேலைக்குப் போய்வந்து மிஞ்சுகிற நேரத்தை இரண்டும் சேர்ந்து தின்கின்றன. ஆகவே மாதக் கடைசிக்குள் ஒன்றை மூடிவிட்டு, இருவரும் மற்றதில் சேர்ந்து உழைப்போம் என்கிறாய். எதை மூடுவது என்பதைச் சண்டை போடாமல் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வோம் என்கிறாய்.

நியாயமான பேச்சு. அட்டவணைதான் நியாயமாக இல்லை. பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பெண். பங்களிப்பவர்களின் எண்ணிக்கைக்கு அதற்கடுத்த மதிப்பெண். 'மகிழ்ச்சி' என்று ஒரு வரி போட்டு அதற்கும் தாராளமாக அள்ளி வைத்திருக்கிறாய். நம்பகத்தன்மைக்குக் கடைசியில் கொசுறு மாதிரி ஏதோ. இதைக் கூட்டிப் பார்க்கவே தேவையில்லை. பந்தயத்துக்கு முன்பே முடிவுக்கோட்டை உன் காலடியில் வரைந்துவிட்டாய். என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த உன் தங்கை, "என்ன அண்ணி, வாத்தியாரும் எங்க அண்ணன்தான், பரீட்சை எழுதுறவரும் எங்க அண்ணன்தானா?" என்று கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்துச் சொன்னதல்ல.

ஆனாலும் ஒப்பிடுகிறேன். உன் பக்கத்தைக் குறைக்காமல்தான் எழுதுகிறேன்.

கம்பிக்காட்டில் தப்பான இணைப்பு என்று ஒன்று கிடையாது. எந்தத் துளையிலிருந்தும் எந்தத் துளைக்கும் கம்பி போகலாம். ஒரு மாட்யூலிலிருந்து வெளியே வருவதை அதற்குள்ளேயே திருப்பிச் செருகினாலும் உன் நிரல் தடுக்காது. மிகச் சிறிய ஒரு தாமதத்தை நடுவில் வைத்து அந்தச் சுற்றை ஓடவிடும். கூச்சல் வரலாம், பாட்டும் வரலாம். வாலு அதில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. உன் இணைய மன்றத்தில் ஒருவர் மழைச் சத்தம் செய்து போடுகிறார். இன்னொருவர் அதன்மேல் கதவு கிறீச்சிடுவதைக் கோத்துத் திருப்பிப் போடுகிறார். மூன்றாமவர் இரண்டையும் கெடுத்து வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார், அது முதலிரண்டையும்விட நன்றாக இருக்கிறது. உன்னிடம் வருகிறவர்கள் 'இதைக் கேட்டுப் பாருங்கள்' என்று வருகிறார்கள்.

என்னிடம் வருகிறவர்கள் தலைவலியோடு வருகிறார்கள். பள்ளிக்கூட நேர அட்டவணை போடுகிறவர், பேருந்துப் பணிமனைக்காரர், கிடங்குக்காரர். விடை கிடைத்துவிட்டால் நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுவார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் யார் குழாய்க்காரருக்கு நன்றி சொல்கிறார்கள்? என் நிரலில் ஒன்றையொன்று மறுக்கிற நிபந்தனைச் சுற்று ஒன்றைக் கொடுத்தால் 'முடியாது' என்று சொல்லிவிடும். அந்த 'முடியாது' பொய்யாக இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் என் வேலை. உன் தங்கையின் டயாலிசிஸ் பிரிவில் எந்த நோயாளிக்கு எந்த நாளில் எந்த இயந்திரம் என்று முடிவு செய்வது முடிச்சுதான். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலை நேரம், ஒருவருக்கும் முறை தவறக் கூடாது. உன் கம்பிக்காட்டில் பிழை வந்தால் ஓர் ஓசை கெடும். என்னுடையதில் வந்தால் ஒரு மனிதர் உடம்பெல்லாம் வீங்கிப்போய் நிற்பார். இதற்கு உன் அட்டவணையில் வரி இல்லை.

ஆகவே என் பதில்: முடிச்சை மூட மாட்டேன். உன்னுடையதை மூடச் சொல்லவும் மாட்டேன்.

இன்னொன்று. உன்னோடு சேர்ந்து கம்பிக்காட்டைப் பார்த்துக்கொள்கிற சுருதிக்காரருடன், பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிற அந்தப் பெரியவருடன், நீ சண்டை போட்டிருப்பதை மன்றத்தில் படித்தேன். அந்தச் சிறிய தாமதத்தை எடுத்துவிடலாம் என்கிறார் அவர். எடுத்தால் மன்றத்தில் ஏற்கனவே கோத்து வைத்த பழைய அமைப்புகள் எல்லாம் வேறு மாதிரி ஒலிக்கும் என்கிறாய் நீ. நீ சொல்வதுதான் சரி. ஆனால் "தம்பி, பிழையை மடியில போட்டுத் தாலாட்டி வளர்க்கிறீங்க" என்று அவர் வேடிக்கையாக எழுதியதற்கு நீ கொடுத்த பதிலில் வேடிக்கை இல்லை. அவர் உன்னைவிட எவ்வளவோ மூத்தவர். இத்தனை வருடமாக முகம்கூடப் பார்க்காமல் உனக்காக உழைக்கிறவர். நீ இப்படிப் பேசுகிறவன் இல்லையே.

வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வீடியோவில் காட்ட வேண்டும் என்று ஈறைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். நீ கேமராவை அணைத்துவிட்டே பேசுவதால், "அப்பா எதிர்ல இருக்காரா, இல்ல ரேடியோவா?" என்று கேட்கிறாள். ஒருநாள் முகத்தைக் காட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

கோபமில்லாமல் எழுத முயன்ற,
உன் மனைவி


மின்னஞ்சல், புதன்கிழமை

உனக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை முடிச்சின் பக்கத்தில் சிவப்பாக ஒரு பட்டை தொங்கியது. 'இந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. இதை இனி யாரும் பராமரிக்கவில்லை.' நான் அதைப் போடவில்லை. என்னைத் தவிர அந்தப் பக்கத்தைத் திறக்கிற கடவுச்சொல், அந்தச் சாவி, உன்னிடம் மட்டும்தான் உண்டு. வாலு பிறந்த சமயத்தில், 'நான் படுக்கையில் இருக்கும்போது யாராவது பிழை சொன்னால் பார்த்துக்கொள்' என்று நான் கொடுத்த சாவி அது.

நான் பார்ப்பதற்கு முன்பே மருத்துவமனையின் கணினிப் பிரிவு பார்த்துவிட்டது. கேட்பாரற்ற மென்பொருளை நோயாளிகள் விஷயத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. நல்ல விதி, நானும் அதைத்தான் சொல்வேன். உடனே நிறுத்திவிட்டு, கையால் முறை போடுங்கள் என்று உன் தங்கையிடம் சொல்லிவிட்டார்கள். அவள் எனக்குப் போன் செய்தபோது குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. "அண்ணி, எங்க அண்ணன் உங்க கடைக்கு ஷட்டரை இழுத்துட்டாரு. பூட்டு போடுறதுக்கு முன்னாடி உள்ள ஆள் இருக்கான்னு பார்க்கல."

அவள் தன் பிரிவில் பொறுப்பு நர்ஸ். கையால் முறை போடத் தெரியாதவள் இல்லை. ஆனால் ஓர் இயந்திரம் பழுது, ஒரு நர்ஸ் விடுப்பு, புதிதாக இரண்டு நோயாளிகள், எல்லாம் ஒரே நாளில் வந்தன. செவ்வாயன்று ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் ஏற்கனவே கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மற்றவர், ஒரு தையல்காரர், பையைக்கூடக் கீழே வைக்காமல், "என் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு என்னையே யாருன்னு கேட்கிறாரும்மா" என்கிறார். அவருக்கு ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தாராம். உன் தங்கை வேறு பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி அவசர இயந்திரம் ஒன்றை வாங்கி அவரை ஏற்றிவிட்டாள். அவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து நின்றாள். "யார் மேல கோபப்படுறதுன்னு தெரியல அண்ணி. கூடப் பிறந்துட்டான்."

பட்டையை எடுத்துவிட்டேன். கணினிப் பிரிவுக்கு நேரில் போய் விளக்கினேன். 'யார் போட்டார்கள்?' என்று கேட்டார்கள். 'தவறுதலாக விழுந்துவிட்டது' என்று சொன்னேன். உனக்காக நான் சொன்ன பொய் அது. பிறகு முடிச்சின் பூட்டை மாற்றிவிட்டேன். இனி உன் சாவி அதில் நுழையாது.

இதையெல்லாம் முடித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். நீ சிரிப்பாய், இல்லை, இப்போதெல்லாம் சிரிப்பாயா என்று தெரியவில்லை. நம் வீட்டையே முடிச்சுக்குக் கொடுத்தேன். உன் வேலை அந்த ஊரில். என் வேலையும் வாலுவின் பள்ளியும் இந்த ஊரில். குடும்பம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். கம்பிக்காட்டுக்கு வாரத்தில் இவ்வளவு நேரம், முடிச்சுக்கு இவ்வளவு நேரம். எல்லாவற்றையும் நிபந்தனையாக எழுதி விடை கேட்டேன். 'முடியாது' என்றது. சரி என்று முடிச்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். முடியாது. அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கம்பிக்காட்டை எடுத்தேன். அப்போதும் முடியாது. பிறகு, எந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று காட்டச் சொன்னேன். உன் வேலை அங்கே, எங்கள் வேலையும் பள்ளியும் இங்கே, எல்லோரும் ஒரே வீட்டில். இந்த மூன்றும்தான் முட்டுகின்றன. நம் இரண்டு மென்பொருள்களின் பெயரும் அதில் இல்லை.

இரண்டில் ஒன்றை மூடினால் எல்லாம் சரியாகும் என்று நீ சொன்னதற்கு இதுதான் என் நிரலின் பதில். ஒன்றை மூடினால் ஒன்று மூடியிருக்கும், அவ்வளவுதான்.

நான் போன் செய்தால் எடு. எடுக்கப் பிடிக்கவில்லை என்றால், ஏன் அந்தப் பட்டையைப் போட்டாய் என்று ஒரு வரி எழுது. திட்டுவதற்குக்கூட எதிரே ஆள் வேண்டியிருக்கிறது.

மனைவி


காகிதத்தில், கையில் கொடுத்தனுப்பியது

என் அன்புள்ளவனுக்கு,

நீ மின்னஞ்சலைத் திறப்பதில்லை. போனை எடுப்பதில்லை. அதனால் இதை ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். யார் என்பது இப்போது உனக்கே தெரியும், அவர் உன் எதிரில்தான் நிற்கிறார். முதலில் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல். அதற்குப் பிறகு மேலே படி.

நேற்றுச் சுருதிக்காரர் எனக்கு எழுதினார். என் முகவரியை முடிச்சின் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "அம்மா, நான் உங்க வீட்டுக்காரரோட சண்டை போடுற கிழவன். அவர் முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கிழமை வந்தாத்தான் பேசுவார். கொஞ்ச நாளா வேலை நாள்ல, நடு மத்தியானத்துல எழுதினாக்கூட உடனே பதில் வருது. 'என்ன தம்பி, மேனேஜர் ஊர்ல இல்லையா?'ன்னு கிண்டல் பண்ணிட்டேன். அன்னிக்கு முகம் திருப்பினவர்தான். நேத்து கம்பிக்காட்டோட எல்லாச் சாவியையும் எனக்கு அனுப்பி வச்சிருக்கார். 'இனி நீங்களே வச்சுக்கங்க, தாமதத்தை எடுக்கிறதுன்னாலும் எடுத்துக்கங்க'ன்னு ஒரு வரி. இத்தனை வருஷமா ஒரு கம்பியைத் தொட விடாத மனுஷன். எனக்குச் சந்தோஷமா இருக்கணும். பயமா இருக்கும்மா."

படித்து முடித்ததும் உன் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் உன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாளாம். "அவர் இங்க இல்லைங்களே. ஆள் குறைச்சப்பவே போயிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நீ வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை வழக்கம்போல அனுப்பிக்கொண்டிருந்தாய். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தினமும் காலையில் 'கிளம்பிவிட்டேன்' என்று நீ செய்தி அனுப்பினாயே, எங்கே கிளம்பினாய் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் தங்கை அழவில்லை. துவைத்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "அன்னிக்கு அந்தத் தையல்காரரைவிட இவனுக்குத்தான் முதல்ல நாற்காலி தேவைப்பட்டிருக்கு" என்றாள்.

உன் அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண்களை என்னை ஏமாற்றப் போட்டாய் என்று நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி படிக்க முடிகிறது. எல்லாம் போன பிறகு கையில் மிஞ்சிய ஒன்றாவது ஜெயிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறாய். 'மகிழ்ச்சி'க்கு ஏன் அவ்வளவு மதிப்பெண் என்பதும் புரிகிறது. நானும் வந்து அதில் கை கொடுத்தால் அது ஒரு பிழைப்பாக மாறலாம் என்று நினைத்திருப்பாய். அந்தச் சிவப்புப் பட்டையையும் அதற்காகத்தான் தொங்கவிட்டிருப்பாய். நேராகக் கேட்டிருக்கலாம். நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

உன் வேலை அந்த ஊரில் என்ற நிபந்தனை இப்போது பொய். அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இமைப்பதற்குள் விடை வந்துவிட்டது. ஒரே வீடு, வாலுவின் அதே பள்ளி, இரண்டு மென்பொருளும் உண்டு. என் நிரலுக்கு வெட்கம், மானம் எதுவும் தெரியாது. வேலை போன மனிதன் வீட்டுப் படியேறுவது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தால் மறுபடி 'முடியாது' என்றிருக்குமோ என்னவோ. அதனால் எழுதவே போவதில்லை.

சுருதிக்காரரிடம் நான்தான் உதவி கேட்டேன். உன் ஊருக்கு இரண்டு ரயில் மாற வேண்டிய தூரத்தில் இருக்கிறார் என்பதே நேற்றுத்தான் தெரிந்தது. "பியானோ ஒண்ணும் ஓடிப் போயிடாதும்மா, நான் கிளம்பறேன்" என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பியதும், அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்புவார். அவர் கையில் உன் வீட்டு முகவரியும் என் போன் நம்பரும் இருக்கின்றன. நீ குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரரிடமும் பேசி வைத்திருக்கிறேன், நீ திறக்கவில்லை என்றால் மாற்றுச் சாவியோடு அவர் மேலே வருவார். அதற்காக என் மேல் கோபப்படு. நிறையக் கோபப்படு, நான் வந்ததும் மிச்சத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் இன்று மாலை ரயிலில் கிளம்புகிறேன். வாலு உன் தங்கையிடம் இருப்பாள். அப்பாவைக் கூட்டிவரப் போகிறேன் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். வேலையைப் பற்றி யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நீ சொல்கிறபடியே வைத்துக்கொள்ளலாம். சொல்லாமலே இருந்தாலும் சரி. அது ஒன்றும் இன்றைக்கு முடிவாக வேண்டிய விஷயமில்லை. இன்றைக்கு முடிவாக வேண்டியது எதுவுமே இல்லை, கேட்கிறாயா? எதுவுமே இல்லை.

உன் அறை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கூட்டி வைக்காதே, எதையும் எடுத்து ஒழுங்கு செய்யாதே, யாருக்கும் எதையும் கொடுக்காதே. அப்படியே இரு. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சுருதிக்காரர் வயதானவர். படியேறி வந்ததில் களைத்திருப்பார். அந்த ஊர் அவருக்குப் புதிது, ஒருவரையும் தெரியாது. ராத்திரி புது இடத்தில் அவருக்குத் தூக்கம் வராதாம், பேச ஆள் வேண்டுமாம். பேசிக்கொண்டிரு. தாமதத்தைப் பற்றிச் சண்டை வேண்டுமானாலும் போடுங்கள். கடைக்குப் போனால் அவரையும் கூட்டிப் போ. நான் வந்து கதவைத் தட்டுகிறவரை, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவரைத் தனியாக விட்டுவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

வழியில் இருக்கிற,
உன் மனைவி